கீழேயிருந்து அடிக்க மணி இல்லை

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் உடல்நலத்தில் குறையின்றி இருக்கிறோம். நீ நலம் என்பதை உன் சித்தப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்படிக் கேட்க நேர்ந்ததை வரிசையில் சேர்க்காமல், மற்ற குறைகளை எழுதுகிறேன்.

1. பிப்ரவரி 6: சித்தப்பாவுக்கு நான்கு பக்கக் கடிதம். அதன் ஓரத்தில் எனக்கு ஒரு வரி.
2. மார்ச் 2: நம் சரக்குப் படகைப் பற்றிப் பத்திரிகையில் உன் கட்டுரை. 'சித்தப்பாவின் படகு' என்று ஒன்பது இடங்களில்.
3. மார்ச் 19: கடைசிப் பயணத்துக்கு வருகிறேன், சுக்கான் அறையில் உங்கள் பக்கத்தில் இடம் வையுங்கள் என்று அவனுக்குத் தந்தி. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துறைமுகம் முழுக்கக் காட்டுகிறான்.

போர்க்காலத்தில் பதினோரு வாரங்களில் கட்டிய படகு அது. ராணுவ வண்டிகளைக் கரையிறக்கும்வரை தாங்கினால் போதும் என்று மெல்லிய தகட்டில் முடித்தார்கள். அதற்குப் பிறகும் முப்பத்தாறு ஆண்டுகள் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சிமெண்டும் மரமும் சுமந்தது என்றால், சுக்கானால் அல்ல, எஞ்சினால். பட்டம் பெற்ற நான் அலுவலக நாற்காலியை மறுத்துவிட்டு அந்த எஞ்சின் அறைக்குள் இறங்கினேன். மேலே சுக்கான் பிடிக்கும் உன் சித்தப்பா எனக்குக் கட்டளையாக மணிக்கயிற்றை இழுப்பான்: ஒன்று முன்னே, இரண்டு நிறுத்து, மூன்று பின்னே. ஏழு வயதில் அவன் மடியிலிருந்து நீ இழுக்கும் மணி தயங்கித் தயங்கி ஒலிக்கும். நீ விழுந்துவிடாதபடி எஞ்சினுக்கு வேகத்தை மெல்லக் கொடுப்பேன். ஒருநாளும் நீ கீழே வரவில்லை. உங்கப்பா எண்ணெயில ஊறிட்டிருக்காரு, போனா உன்னையும் பிழிஞ்சு எஞ்சினுக்கு ஊத்திடுவாரு என்று அவன் சொன்னதும் நீ சிரித்ததும் காற்றுக்குழாய் வழியே எனக்குக் கேட்டன.

புயலன்று பாறையிலிருந்து படகைக் காத்தது சித்தப்பா அடித்த மூன்று மணி என்று படகின் பதிவேட்டைப் பார்த்துக் கட்டுரையில் எழுதியிருக்கிறாய். அன்று கயிறு அறுந்துவிட்டது. மணி அடிக்கவே இல்லை. அடித்தகட்டில் பாறை உரசுவதை உள்ளங்காலில் உணர்ந்து நானே எஞ்சினைப் பின்னே திருப்பினேன். மணியில்லாமல் எஞ்சினைத் தொடுவது விதிமீறல் என்பதால், மூன்று மணி கேட்டதாக நானே பதிவேட்டில் எழுதினேன். அவன் இன்றுவரை மறுக்கவில்லை.

ஏப்ரல் 28 அன்று படகில் கல் நிரப்பி, அலைதடுப்புச் சுவருக்கு அடித்தளமாகத் துறைமுக வாயிலில் மூழ்கடிக்கிறார்கள். அதுவரை எஞ்சின் ஓட வேண்டும். ஆகவே நான் கீழே இருப்பேன். அண்ணன் தம்பிக்கு நடுவுல அவளை எதுக்கு இழுக்கிறீங்க என்கிறாள் உன் அம்மா. வரும்போது கம்பளிச் சட்டையை மறக்காதே என்றும் எழுதச் சொன்னாள். எல்லா நலமும் பெறுவாயாக.

கீழேயிருந்து மேலே அடிக்க அந்தப் படகில் மணி வைக்கவில்லை. ஆகவே எழுத்தில் கேட்கிறேன்: அன்று நீ எங்கே நிற்பாய்? எஞ்சின் அறை ஏணியின் மூன்றாம் படி ஆடிக்கொண்டிருந்தது, நேற்று முடுக்கிவிட்டேன். ஏப்ரல் 20க்குள் உன் கையெழுத்தில் பதில் வர வேண்டும். சித்தப்பா வழியாக அல்ல.

உன் அப்பா