இருட்டறையில் ஒளிர்ந்த பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

நான் சௌக்கியம். உங்கள் கண் எப்படி இருக்கிறது? இதை வாசித்துக் காட்டும் அம்மா அந்தக் கேள்வியை விழுங்கிவிடக் கூடாது.

முன்பே போனில் சொன்னேனே, எங்கள் ஆய்வுக்கூடத்தில் பிராணிகளின் விழித்திரையில் டாரின் என்ற பொருள் எவ்வளவு என்று அளக்கிறோம். வெளிச்சத்தை உணரும் அந்த மெல்லிய சவ்வில்தான் அது குவிந்து கிடக்கிறது. மங்கலான சிவப்பு விளக்கில்தான் வேலை; வேறு வெளிச்சம் பட்டால் அளவு மாறிவிடும்.

போன வாரம் வேலைக்கு நடுவே, மேசைமேல் என் போன் ஒளிர்ந்தது. திரையில் ‘அப்பா’. இருட்டிலேயே பாதுகாத்த மீன் கண்கள் அத்தனையும் வீண். மேற்பார்வையாளர் திட்டவில்லை.

“அப்பாவா? போய்ப் பேசிட்டு வாம்மா. இனிமே போனை வெளியில வெச்சிடு,” என்றார்.

அன்றுதான் நீங்கள், “அந்த மருந்து எனக்கும் கொஞ்சம் அனுப்பேன்,” என்றீர்கள். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். டாரின் மருந்து இல்லை, அப்பா. அது குறைந்தால் பூனைக்குப் பார்வை போகும், கொடுத்தால் காப்பாற்றலாம். உங்களுக்குக் கெட்டது கண் நரம்பு. போன பார்வையை இது திருப்பித் தராது. போனில் சொல்ல வாய் வரவில்லை. இருக்கிற பார்வைக்காவது சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள்.

என் பழைய போர்வையை அம்மா அனுப்பட்டும். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. மீன் கண் வீணானதை நினைத்துக் கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள். போன் வெளியில் இருக்கும், நான் எடுக்க மாட்டேன். ஆனாலும் கூப்பிடுங்கள். இருட்டறையிலிருந்து வெளியே வந்ததும் நான் முதலில் தேடுவது உங்கள் பெயரைத்தான்.

உங்கள் மூத்தவள்