அகன்கரைக் களத்தில் தலைகீழாக நட்ட கல் குறித்து விடுத்த ஓலை

நீர் குறையாதிருக்க, நெல் விளைந்திருக்க, காவல் கண்ணயராதிருக்க. மாகுடத்து அரியணையில் வீற்றிருக்கும் கோப்பெருந்தேவி இளநகையாரின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகன் கண்ணந்தை எழுதுவது. மேற்குன்றத்தார் படையை முறியடித்தவரும், அகன்கரை நாட்டை இன்று ஆள்பவருமான ஏனாதி நக்கன் பூதனார் கண்டருள்க. தங்கள் நாடும், மனையும், தங்கள் ஏரியை நம்பி வாழும் ஏழு ஊர்களும் நலமாகுக.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் போர் நடந்த களத்தை உழவும் வீடுகளும் விழுங்குமுன் எல்லை கட்டிக் காக்க வேண்டும் என்றும், காண வருவோருக்கு அங்கே நடந்ததை எடுத்துச் சொல்ல ஆள் அமர்த்த வேண்டும் என்றும் தாங்கள் வகுத்த திட்டத்தை அரசி ஏற்றிருந்தார். அதன்படி ஏரிக்கரையின் நடுவில் வெற்றித்தூண் எழும். களத்தின் வாயிலில், புறமுதுகிட்டோர் என்று மடைக்குடி ஊரார் முப்பத்தொருவர் பெயரை வெட்டித் தாங்கள் தலைகீழாக நட்ட கல், வேலியிட்டு என்றைக்கும் காக்கப்படும். வருவோர் முதலில் கோழைகளின் கல்லையும் பின்பு வெற்றியின் தூணையும் காண்பார்கள். இதை மேற்பார்வையிடவே அரசி என்னை அனுப்பினார்.

தூணுக்குக் கடைக்கால் தோண்டிய நான்காம் நாள், கல்தச்சர் தலைவன் ஓணன் என்னிடம் வந்து, “ஐயா, வேலைய நிறுத்திட்டேன். கீழ ஆளுங்க நிக்கிறாங்க” என்றான். கள் குடித்திருக்கிறாயா என்று கேட்டேன். “குடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றான்.

இறங்கிப் பார்த்தேன். களிமண்ணுக்குள் மூன்று வரிசையாக மனித எலும்புகள். சிலர் நின்றபடி, சிலர் முழந்தாளிட்டபடி. எல்லா முகமும் ஏரியை நோக்கி. கைகள் முழங்கை வரை மண்ணில் புதைந்து, மூங்கில் முளைகளையும் அவற்றில் சுற்றிய வைக்கோல் புரியையும் பற்றியிருந்தன. அம்பு முனைகள் தோள்பட்டை எலும்புகளின் பின்புறத்தில் தைத்திருந்தன. ஒருவன் வாய் நிறைய மண். அவர்கள் வேல்கள் பத்தடி தள்ளி, ஒன்றாகக் கட்டிச் சாய்த்து வைத்தபடி கிடந்தன. மடைக்குடியார் இடக்கையில் அணியும் சங்கு வளை ஒவ்வொரு எலும்பிலும் இருந்தது. எண்ணினேன். முப்பத்தொன்று.

மாகுடத்து ஓலைச்சாலையில், பகைவரிடம் கைப்பற்றிய குறிப்புகளைத் தேடி எடுத்தேன். அவர்களின் வில்லாளித் தலைவன் எழுதியிருக்கிறான்: கரையை வெட்டிவிட்டோம், கீழே நிற்கும் படை நாழிகைக்குள் மூழ்கும் என்றிருந்தோம், சிலர் ஓடிவந்து உடைப்பை அடைத்தார்கள், பின்னாலிருந்து எய்தோம், அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே நின்ற அந்தப் படை தங்களுடையது. அன்று மாலை நம் வழக்கப்படி இறந்தோரின் புண் நோக்கியவரும் தாங்களே. மார்பில் புண் பட்டோருக்கு நடுகல். முதுகில் புண் பட்டோருக்கு ஈமத்தீயும் இல்லை. கரையில் நின்ற உடல்களின் முதுகில் அம்புகளைக் கண்டீர்கள். அவர்கள் மேலேயே மண்ணைக் கொட்டி உடைப்பை மூடச் சொன்னீர்கள். தாங்கள் பொய் உரைத்ததாக அரசி கருதவில்லை. அம்பு எங்கே தைத்தது என்று பார்த்தீர்கள், அவர்கள் கை என்ன செய்தது என்று பார்க்கவில்லை.

இதை அறிவித்தபோது தாங்கள் அனுப்பிய மறுமொழியும் அரசியின் முன் படிக்கப்பட்டது. தலைகீழ்க் கல்லைச் சந்தடியின்றிப் பெயர்த்து ஏரியின் ஆழத்தில் இட்டு, முப்பத்தொரு புதிய நடுகற்களை நாட்டி, பழையதை எவரும் பேசாதிருக்கச் செய்யலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அது தக்கதாகவே தோன்றியது. இறந்தோரில் ஒருவனான சேந்தனின் மனைவி வெள்ளைச்சியிடம் அதைச் சொன்னேன். அவள் மறுமொழியை மெருகிடாமல் எழுதுமாறு அரசி பணித்ததால் அவ்வாறே எழுதுகிறேன்.

“பதினாலு வருசமா ஏர் பூட்டுற அன்னிக்கு ஏழு ஊரும் வந்து அந்தக் கல்லு மேல சாணி எறிஞ்சுது. எங்க ஊருக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னுது. எங்க கையில இருந்து மடையப் புடுங்குனீங்க. இப்ப கல்லத் தண்ணிக்குள்ள போட்டுட்டா எறிஞ்சவங்க கை சுத்தமாயிருமா? புதுக் கல்லு யாருக்கு வேணும், சாமி? அது தலைகீழாவே நிக்கட்டும். அத நட்டது யாரு, என்னத்தப் பாத்து நட்டாருன்னு பக்கத்துல வெட்டி வைங்க. நாடாள்வாருக்குப் படிக்கத் தெரியுமில்ல? அவரையே வந்து படிக்கச் சொல்லுங்க.”

 இதைக் கேட்டபின் அரசி இட்ட கட்டளை இது.

எலும்புகளை எடுக்கலாகாது. மழைக்கு முன் தோண்டினால் கரை நில்லாது என்று ஏரிக்காவலர் ஒருமித்துச் சொல்கிறார்கள். இன்றும் ஏரியைத் தாங்குவது அவர்கள் இட்ட அடைப்பே. குழியை அதே களிமண்ணால் மூடுக. பதினான்கு ஆண்டுகளாக அவர்கள் தலைமேல் உருண்ட வண்டிப்பாதையைக் கரையின் அடிவாரத்துக்கு மாற்றுக. காண வருவோரும் கீழே நின்றே காண்க. வெற்றித்தூண் அங்கே எழாது. மடைக்குடியாருக்கு மடைக்காவல் இன்றே மீள்க. ஏர் பூட்டும் நாளில் சாணி எறிவோர் எவராயினும் களத்து எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுக.

தலைகீழ்க் கல் நின்ற இடத்தில் நின்றபடியே இருக்கும். அதன் அருகில் நேராக ஒரு கல் நடுக. புண் நோக்கியவர் ஏனாதி நக்கன் பூதன், முதுகைக் கண்டார், கையைக் காணவில்லை, இவர்கள் அடைத்த கரையால் அவரும் அவர் படையும் உயிர் பிழைத்தனர் என்று அதில் வெட்டுக. கதை சொல்வோர் இதில் ஒரு சொல்லையும் குறைக்கலாகாது.

களம் திறக்கும் நாளில், ஏழு ஊராரும் மடைக்குடியாரும் கூடியிருக்க, அக்கல்லைத் தாங்களே உரக்கப் படிப்பீர்களாக. தங்கள் குரல் தாழ்ந்தால் மீண்டும் படிக்கச் சொல்லும் உரிமையை அரசி வெள்ளைச்சிக்கு அளித்திருக்கிறார்.

இவ்வோலை கண்ட நாளே கட்டளை தொடங்குக. அரசியின் முன் எழுதி, படித்துக் காட்டி, மாகுடத்து முத்திரை இட்டேன். ஓலைநாயகன் கண்ணந்தை எழுத்து.