முழங்கால் உயரக் கவாத்து

ஜனவரி 4

தோட்டக்கலைச் சங்கத்தின் புதிய நாட்காட்டியை இன்று குமாஸ்தா என் அலுவலகச் சுவரில், என் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினார். அட்டையில், சங்கத்தின் போட்டியில் பரிசு பெற்ற ஊதா நிறக் கிளெமாட்டிஸ் கொடியின் மலர் ஒன்று. அதன் கீழே வளர்த்தவர், படம் எடுத்தவர் ஆகிய இரண்டு இடங்களிலும் என் சகலையின் பெயர்.

"உங்க சகலைக்கு நல்ல கைராசி சார்" என்றார் குமாஸ்தா. "நீங்களும் ஏதோ கொடி வச்சிருக்கீங்களே, அதுவும் இப்படித்தான் பூக்குமா?"

இப்படித்தான் பூக்கும் என்றேன்.

அது என் மலர். இதை ஊகமாக எழுதவில்லை. படத்தின் இடது ஓரத்தில், காம்பை மரச்சட்டத்தோடு பிணைத்திருக்கும் இளஞ்சிவப்பு நாடா தெரிகிறது. வழக்குக் கட்டுகளைக் கட்டும் நாடா. அதைக்கொண்டு கொடி கட்டுகிறவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவனே.

கேமராவின் குவியம் மலருக்குச் சற்று முன்னால் விழுந்திருக்கிறது. படம் எடுத்தது நானாக இருந்தால் நாடாவையும் மறைத்திருப்பேன். ஆயினும் படம் நன்றாகவே வந்திருக்கிறது. அதுதான் எரிகிறது.

ஜனவரி 5

மனைவி சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"சகலை நம்ம தோட்டத்துல கேமராவோட நிக்கிறதை நீ பார்த்திருக்கியா?"

"இல்லையே. அவர் கேமரா பிடிச்சே நான் பார்த்ததில்ல. ஏன்?"

"சும்மாதான்."

ஆகவே நேரடிச் சாட்சி இல்லை. நாங்கள் வீட்டில் இல்லாத ஏதோ ஒரு காலையில் நடந்திருக்கிறது.

ஜனவரி 19

சகலையின் வீட்டில் மதிய உணவு. அவர் மனைவி என் மனைவியின் தங்கை, அழைத்தால் மறுப்பதற்கில்லை. வரவேற்பறையில் அதே நாட்காட்டி, பக்கத்தில் பரிசு மேடையில் அவர் பொன்னாடையோடு நிற்கும் படம். யாராவது பாராட்டினால் "எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்று கைகூப்புகிறார். என்னையும் விடவில்லை.

"நம்ம சகலை இருக்காரே, படம் எடுக்கறதுக்குப் பூவுக்கே வாய்தா மேல வாய்தா கொடுக்கிறவர். இன்னிக்கு காத்து நிக்கல, நாளைக்கு வாங்க. இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, அடுத்த வாரம் வாங்க. கடைசியில கட்சிக்காரரே உதிர்ந்து போயிடுவார்."

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். மே மாதக் கடைசியில் சங்கத்தார் அனைவரும் அவர் தோட்டத்தைப் பார்வையிட வருகிறார்களாம். "நீங்களும் வரணும் சகலை" என்றார்.

வருகிறேன் என்றேன்.

ஜனவரி 20

நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிப்ரவரி 2

வழிகளை ஆராய்ந்தேன். சங்கத்திடம் முறையிடலாம். ஆனால் விதிகளைப் பற்றிய தகராறில் சங்கத்தைவிட்டு வெளியேறியவன் நான். பொறாமை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். நேரில் கேட்கலாம். அவர் ஒரு ஜோக்கடித்துத் தப்பிவிடுவார்.

அவர் வாயைத் திறக்க முடியாத இடம் ஒன்று வேண்டும். அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலைச் சுற்றி ஒரு வெள்ளை அடுக்குக் கிளெமாட்டிஸ் இருக்கிறது. மே கடைசியில் அதுதான் பூக்கும். நாட்காட்டியிலுள்ள ஊதா எங்கே என்று விருந்தினர் கேட்டால், "அது பிந்திப் பூக்கும், இப்போ இதைப் பாருங்க" என்று வெள்ளையைக் காட்டிச் சமாளிப்பார்.

வெள்ளை பூக்காவிட்டால்?

பிப்ரவரி 11

வாய்ப்பை நான் தேடிப் போகவில்லை. அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"சகலை, மே மாசம் ஆளுங்க வராங்க. எங்க கொடி ஒரே காடா கிடக்கு. இப்பவே வெட்டிவிட்டா நல்லா பூக்குமா? நீங்க எப்படி வெட்டுவீங்க?"

கேள்வியைக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். நான் எப்படி வெட்டுவேன் என்பதே அது.

"நான் முழங்கால் உயரத்துக்கு விட்டுட்டு மீதி எல்லாத்தையும் வெட்டிடுவேன். அப்பதான் பூ அமோகமா வரும்."

"அவ்வளவு கீழயா?"

"நான் அப்படித்தான் செய்யறேன்."

"சரி சகலை. நீங்க சொன்னா அப்பீல் ஏது."

என் ஊதா புதுத் தண்டில் பூப்பது. அதை அப்படித்தான் கவாத்து செய்ய வேண்டும். அவருடைய வெள்ளை சென்ற ஆண்டின் பழைய தண்டில் பூப்பது. அதன் மே மாத மலர்கள் முழுவதும் இப்போதே அந்தக் கிளைகளின் கணுக்களில் உறங்குகின்றன. இதை அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 12

நான் கூறியவற்றில் ஒரு சொல்கூடப் பொய் அல்ல. மீண்டும் மீண்டும் சரிபார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 16

மனைவியோடு சகலை வீட்டுக்குப் போயிருந்தேன். வேலை முடிந்திருந்தது. ஜன்னலைச் சுற்றி வெறும் சுவர். கீழே முழங்கால் உயரத்துக்குக் கட்டைகள். வெட்டிப்போட்ட கிளைகள் மூலையில் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கணுவுக்குக் கணு மொட்டு பருத்திருந்தது. யாரும் பார்க்காமல் திரும்ப வைத்துவிட்டேன்.

"என்னமோ மாதிரி இருக்கு, இல்ல அத்தான்?" என்றாள் மைத்துனி.

"துளிர்க்கும்" என்றேன். அதுவும் உண்மைதான்.

மனைவி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கை அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது இருவரும் சேர்ந்து நட்ட கொடியாம். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால்? — இந்தக் கேள்வி இப்போது அவசியமில்லை.

ஏப்ரல் 27

சகலை வீட்டுக் கொடியில் ஆளுயரத்துக்கு இலை. மொட்டு இல்லை.

இவ்வளவு நிம்மதியாக உண்டு வெகுநாள் ஆகிறது.

மே 30

நாளை. எல்லார் முன்னிலையிலும் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்வியைத் தயார் செய்துள்ளேன்: "படத்தில் காம்பைக் கட்டியிருக்கும் அந்த நாடா, சகலை, எந்தக் கடையில் கிடைக்கும்?" பதில் எதுவாயினும், சட்டைப் பையிலிருந்து நாடாவை எடுத்து மேசைமீது வைப்பேன். மேற்கொண்டு எதுவும் பேச மாட்டேன்.

கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்கவில்லை.

மே 31

கேட்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

சங்கத்தலைவி ஜன்னலோரம் நின்று, "பூவே காணோமே" என்றார். நான் பைக்குள் கையை விட்டேன். சகலை சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"என் தப்புங்க. ஆர்வக்கோளாறுல நானே வெட்டித் தள்ளிட்டேன்." என் பக்கம் பார்க்கவே இல்லை. "இன்னொன்னும் சொல்லிடறேன். நாட்காட்டியில இருக்கிற பூ எங்க வீட்டுது இல்ல. என் சகலை வளர்த்தது, இதோ நிக்கிறாரே. படம் எடுத்தது இவரோட வீட்டுக்காரம்மா. சங்கத்துல நான் உறுப்பினர்ங்கிறதால என் பேர்ல அனுப்பினோம். பரிசு வரும்னு யார் கண்டா? வந்ததும் எனக்கும் நாக்கு ஒட்டிக்கிச்சு."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். பைக்குள் நாடா விரலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜூன் 1

இன்று காலை மனைவியிடம் கேட்டேன்.

"நீதான் எடுத்தேன்னு ஏன் சொல்லல? ஜனவரியிலயே கேட்டேனே."

"நீங்க அவரைப் பத்திக் கேட்டீங்க. என்னைப் பத்திக் கேக்கல." காய்ந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "உங்க கூட இத்தனை வருஷம் இருந்திருக்கேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்ல எனக்கும் வரும்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"என் ஃபோன்ல எடுத்த படம். நான் எடுத்ததுன்னு சொன்னா, குவியம் சரியில்லம்பீங்க. அந்த நாடா ஏன் தெரியுதும்பீங்க."

ஜனவரி 4-ஐப் புரட்டினால் அவ்விரண்டும் அங்கே என் கையெழுத்திலேயே உள்ளன.

பிறகு அவள் கேட்டாள். "முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொன்னீங்களாமே?"

"நான் என் செடியைப் பத்தித்தான் சொன்னேன்."

"அவர் எந்தச் செடியைப் பத்திக் கேட்டார்?"

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 3

ஒரு சொல்கூடப் பொய் அல்ல என்று எழுதியிருக்கிறேன். யாரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன்?

சகலைக்கு நான் செய்தது தெரியுமா? தெரிந்தே என்னைக் காப்பாற்றினாரா, தெரியாமலா? இரண்டில் எது என்றாலும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது. பரிசு மேடையில் ஏறிப் பொன்னாடை வாங்கியவர் அவர்தானே. அந்தக் குற்றச்சாட்டை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஜூலை 8

என் ஊதா பூத்துக் குலுங்குகிறது. காற்று இல்லை, மெல்லிய மேகம், கேமராவின் முக்காலியை வைத்துக் காத்திருந்தேன். வழக்கமாக மனைவி காபியோடு வந்து எட்டிப் பார்ப்பாள். இன்று வரவில்லை. நேற்றும் வரவில்லை. ஒரு படமும் எடுக்காமல் முக்காலியை மடக்கினேன்.

ஆகஸ்ட் 30

"அக்கா, ஓடி வா" என்று மைத்துனி தொலைபேசியில் அழைத்தாள். வெள்ளைக் கொடியின் புதுத் தண்டில் ஒரே ஒரு மொட்டு விரிந்திருக்கிறதாம். அடுக்கு இல்லை, ஒற்றை வரிசை இதழ்தானாம். "செடிக்கு ஏதும் நோயா?"

நோய் இல்லை. அடுக்கு மலர் பழைய தண்டில் மட்டுமே வரும். வெட்டுண்ட கொடி புதுத் தண்டில் ஒற்றை மலரே தரும். இது எனக்குத் தெரியும். இம்முறை யாரும் என்னைக் கேட்காமலே சொன்னேன். மனைவி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நானும் பின்னால் போனேன். கொடி காற்றில் சரிந்து கிடந்தது. பையில் நாடா இருந்தது. கட்டினேன். "நகருங்க, உங்க நிழல் விழுது" என்றாள் மனைவி, ஃபோனை உயர்த்திப் பிடித்தபடி. நகர்ந்தேன்.

"அடுத்த தடவை கத்தரியை நீங்களே எடுத்துட்டு வந்துடுங்க சகலை" என்றார் அவர். சிரிக்கவில்லை. ஆக, தெரிந்திருக்கிறது.

ஜனவரி 6

குமாஸ்தா ஸ்டூலில் ஏறிப் புதிய நாட்காட்டியை மாட்டினார். வெள்ளை மலர், ஒற்றை வரிசை இதழ், ஓரத்தில் இளஞ்சிவப்பு நாடா. கீழே சங்கத்தின் புதிய உறுப்பினராக என் மனைவியின் பெயர்.

"இது உங்க தோட்டமா சார்?"

"இல்லை" என்றேன்.

அத்துடன் பதில் முடிந்துவிட்டது. கோப்புக் கட்டை அவிழ்த்து அடுத்த வழக்கைப் பார்க்கத் தொடங்கினேன். இரண்டு பக்கங்கள் புரட்டியிருப்பேன்.

"என் சகலை வீட்டுச் செடி. அடுக்கடுக்கா பூக்க வேண்டியது. அதோட மொட்டுங்களையெல்லாம் அவர் கையாலேயே வெட்ட வச்சவன் நான். படம் என் மனைவி எடுத்தது. நான் எடுத்திருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காது."

குமாஸ்தா ஆணியை ஆட்டிப் பார்த்துவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"நான் அவ்வளவு கேக்கலையே சார்" என்றார்.