நூலுக்குள்ள விழுந்த குங்குமம்

என் பொட்டுக்கார அண்ணே,

நீ போனப்புறம் முதல் ஆயுத பூஜை வந்துட்டுப் போயிருச்சு. நீ இருந்திருந்தா ஸ்பிரிங்வெளி தேயிலை பெக்டரியில கொழுந்து உருட்டுற மெஷின்ல ஆரம்பிச்சு, தோட்டத்துத் துரையோட ஜீப் வரைக்கும் பொட்டு வெச்சிருப்ப. "ஒன் மெஷினுக்கும் வையி புள்ள, கோவிச்சுக்கும்"னு வருஷா வருஷம் சொல்லுவ. நான் சயன்ஸ் படிச்சவளாச்சே, சிரிப்பேன்.

இப்பக் கேளு. பதுளை ஆய்வுகூடத்துல என் வேலை, உருக்கின நைலோன்ல கண்ணுக்கே தெரியாத அளவு நைசான களிமண் தூளைக் கலந்து நூலா இழுக்கிறது. அந்த நூலை இன்னொரு மெஷின் உருக்கி, மெல்லிசா ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிச் சாமான் செய்யும். தூள் ஒரே சீரா கலக்கணும். எனக்கோ கட்டி கட்டியா நின்னு, மெஷின் மூக்கை அடைச்சுக்கிட்டே இருந்துச்சு. தூளும் வெள்ளை, நைலோனும் வெள்ளை, கட்டி எங்க நிக்குதுன்னு யாரு கண்டா? "இன்னொருக்கா அடைச்சால் வேறை ஆளைத்தான் பாக்கோணும், பிள்ளை"ன்னுட்டார் ஆய்வுகூடத்துக்குப் பெரியவரான எங்க யாழ்ப்பாணத்து டொக்டர். நீயும் இல்லாத வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதானே.

நீ போயி வருஷம் திரும்பலைன்னு வீட்டுல பூஜை இல்ல. நான் களவா மெஷினுக்குப் பொட்டு வெச்சேன். பக்தியில்லண்ணே, பயம். கை தவறி, குங்குமச் சிமிழ் தூள் போடுற வாய்க்குள்ளயே கவுந்துருச்சு.

நூல் வந்துச்சு பாரு. ஒரு முழம் வெள்ளை, ஒரு விரக்கடை சிவப்பு, மறுபடி வெள்ளை. டொக்டர் வந்து நின்னார். "உதென்ன, பிள்ளை?" நான் வெறும் சிமிழை முதுகுக்குப் பின்னால ஒளிச்சேன். அவரோ நூலை வெளிச்சத்துல பிடிச்சு, "சிவப்பு நிக்கிற மாதிரித்தானே களிமண்ணும் நிக்கும்"னார்.

அப்பத்தான் உன் வேலை ஞாபகம் வந்துச்சு. கொழுந்தை உருட்டுவீங்க, கட்டியை உடைச்சுச் சலிப்பீங்க, திரும்ப உருட்டுவீங்க. நானும் நூலை நறுக்கி மறுபடி உருக்கினேன். மூணாந்தரம் வந்த நூல் முழுக்க ஒரே ரோஸ் கலர். மெஷின் அடைக்காம ஒரு சின்னப் பல்சக்கரம் செஞ்சு முடிச்சுது. வேலை தப்பிச்சுது. இப்ப கலவை சீரா இருக்கான்னு பாக்கிறதுக்கு, ஸ்டோர் லிஸ்ட்ல அமிலத்துக்குக் கீழ "குங்குமம், ஒரு பக்கெட்"னு இருக்கு.

உனக்குச் சொல்லணும்னு வாசல் வரைக்கும் ஓடிட்டேன். அப்புறம்தான் நீ இல்லைன்னு உறைச்சுது. என் மெஷினைக் காட்டச் சொல்லி எத்தனை தரம் கேட்ட? ஏன் காட்டல நான்? தேயிலைக் கறை படிஞ்ச உன் கையைப் பார்த்து வெட்கப்பட்டேனா?

பல்சக்கரம் உன் படத்துக்குப் பக்கத்துல இருக்கு. அதுக்கும் பொட்டு வெச்சாச்சு. இனி வருஷா வருஷம் மெஷினுக்கு நானே வெப்பேன், உன் மேல சத்தியம். தூள் போடுற வாய்க்கு மூடியை மட்டும் முதல்ல போட்டுருவேன்.

உன்னைக் கேலி பண்ணியே வளர்ந்த தங்கச்சி,
செல்வி