உன் ஆத்தா வைத்த பொட்டு

இன்றைக்குக் காலையில் உன் ஆத்தா, நான் கரண்டு பார்க்கிற மீட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள், மாப்ளே. நான் வண்டிக்குள் தலையை விட்டிருந்த நேரம். வெளியே வந்து பார்த்தால் மீட்டரின் முதுகில் ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். பன்னீரில் குழைத்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கை ஓடவில்லை. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று கல் மாதிரி நின்றவன் நான். அன்று வராத அழுகை, இன்றைக்கு ஊருணிக் கரையில், டீசல் புகைக்கு நடுவில் வந்து தொலைத்தது.

உங்கள் ஊர் ஊருணியை மறுபடியும் தூர்வாருகிறார்கள். நீ ஓட்டிய அதே மாதிரிப் பொக்லைன், உட்கார்ந்திருப்பவன்தான் வேறு. இன்ஜின் ரேஸ் ஒரே சீராக நிற்க மாட்டேன் என்கிறது என்று உச்சிப்புளியில் இருக்கும் என் எலக்ட்ரிக் கடைக்கு ஆள் வந்தது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அப்புறம் உன் ஆத்தாவைப் பார்த்து நாளாயிற்றே என்று மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முன்பு தூர்வாரிய வருடம், காண்ட்ராக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி உன் வண்டியை ஊருக்குக் கொண்டுவந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ரோட்டு வேலைக்கு நடுவில் கிடைத்த சின்ன இடைவெளி. ஐப்பசி மழைக்குள் ஊருணி ஆழமானால் தண்ணீர் உண்டு. இல்லையென்றால் ஊர்ப் பெண்கள் இன்னொரு வருடமும் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நல்ல தண்ணீருக்கு அலைய வேண்டும். அந்த வண்டியைத் தள்ளித் தள்ளியே உன் ஆத்தாவின் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. "ஊரு ஊரா மண்ணள்ளுறேன், என் ஆத்தா உப்புத் தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கு. அப்பொறம் நான் என்னலே ஆபரேட்டரு?" என்று என்னிடம் கேட்டாய். அப்போது நீ சிரிக்கவில்லை. நீ சிரிக்காமல் பேசினால் எனக்குப் பயமாக இருக்கும்.

வண்டி வந்து இறங்கியதிலிருந்தே மக்கர். அந்த மாதிரி வண்டியில் ரேஸ் கூட்டக் குறைக்க, உட்கார்ந்த இடத்தில் கைப்பக்கம் ஒரு சின்ன டயல். அதைத் திருப்பினால் கன்ட்ரோலருக்குச் சிக்னல் போகும். கன்ட்ரோலர் சொல்கிறபடி ஒரு மோட்டார் டீசல் பம்பின் லிவரை இழுக்கும். டயலை யாரும் தொடாமலே இன்ஜின் உறுமும், அடுத்த நொடி முனகும். பக்கெட் நிறைய மண்ணோடு வண்டியின் கை அந்தரத்தில் தொங்கும். தினமும் பாதி நாள் இப்படியே வீணானது. காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். "நாளைக்கும் இதே கதைன்னா மத்தியானம் டிரெய்லர் வரும். ஏத்திக்கிட்டுப் போயிருவேன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கரையில் நின்ற கூட்டம் உன் முகத்தையே பார்த்தது. நீ என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினாய்.

டீசலில் தண்ணீரோ என்றுதான் முதலில் எனக்குச் சந்தேகம். மோட்டாரிலிருந்து வருகிற கம்பியைக் கழற்றிவிட்டு, பம்பின் லிவரைக் கையால் இழுத்துப் பிடித்தேன். இன்ஜின் முழு ரேஸில் ஆடாமல் அசையாமல் நின்றது. ஆக, கோளாறு கரண்டில்தான். கடலோரத்து வண்டி, உப்புக்காற்று சாக்கெட்டுகளைத் தின்றிருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தேன். மத்தியானத்துக்கு மேல் வண்டி சீராக ஓடியது. நீ கேபினிலிருந்தே எனக்கு ஒரு முத்தத்தைப் பறக்கவிட்டாய், வெட்கங்கெட்ட பயலே. இறங்கி வந்து உன் தூக்குவாளியிலிருந்த கருவாட்டுக் குழம்பு முழுவதையும் என் சோற்றில் கவிழ்த்துவிட்டு, நீ மோரை ஊற்றிச் சாப்பிட்டாய்.

மறுநாள் காலையில் மறுபடியும் அதே கூத்து. டிரெய்லர் கிளம்பிவிட்டதாகத் தகவலும் வந்துவிட்டது. அந்த நிலையிலும் உன் வாய் அடங்கவில்லை. "ஏலே ஒயர்மேன், காலையில நிக்கிது, வெயில் ஏறுனா ஓடுது. ஒனக்குக் குடுக்குற கூலிய சூரியனுக்குக் குடுத்துரலாம் போலயே!"

அதில்தான் எனக்குப் பொறி தட்டியது. வெயிலில் சரியாகிறது என்றால் எங்கேயோ ஈரம். இரவில் பூட்டிக் கிடக்கிற கேபினுக்குள் ஈரம் எப்படி வரும்? மீட்டரின் கம்பிகளை டயலின் ஒயரில் வைத்தேன். டயல் ஒரே இடத்தில் நிற்க, மீட்டரில் எண்கள் சாமியாடின. குனிந்து பார்த்தேன். டயலிலிருந்து பன்னீர் வாசம் வந்தது.

கழற்றித் திருப்பினால், அட சாமி! அடிப்பக்கம் முழுக்கச் சந்தனச் சேறு. காய்ந்தது ஒரு அடுக்கு, அன்றைக்கு வைத்த ஈரம் ஒரு அடுக்கு. நீதான் ஆத்தாவிடம் டயலைக் காட்டி, "இதுதான் ஆத்தா வண்டிக்கு உசுரு" என்று சொல்லி வைத்திருக்கிறாய். அவள் தினமும் விடிந்ததும் ஏறி வந்து உயிருக்குப் பொட்டு வைத்திருக்கிறாள். வண்டி நின்றதும் பொட்டைப் பெரிதாக்கினாள். மறுபடி நின்றதும் மேலே பன்னீரும் தெளித்தாள். வண்டி முரண்டு பிடிக்கப் பிடிக்கப் பூசை கூடியது. பூசை கூடக் கூட வண்டி முரண்டு பிடித்தது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாய்.

"சத்தம் போடாதலே. ஊரே தண்ணிக்குக் காத்துக் கெடக்கு. வண்டிய நிறுத்துனது தன் கைதான்னு தெரிஞ்சா ஆத்தா சோறு திங்காது. செத்தாலும் வெளிய சொல்லக்கூடாது, சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஸ்பிரிட்டில் கழுவி, இன்ஜின் மூடியின் மேல் வெயிலில் காயவைத்து மாட்டினோம். எண்கள் அசையாமல் நின்றன. டிரெய்லர் வந்தபோது நீ பாட்டுக்கு மண் அள்ளிக்கொண்டிருந்தாய். என்னவாம் என்று கேட்டவர்களிடமெல்லாம், "உப்புக்காத்துல ஒயர் அரிச்சுப்போச்சு" என்றாய். ஆத்தாவிடம் மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னாய். "மண்ண மொதல்ல தொடுறது பக்கெட்டுதான ஆத்தா? நாளையிலருந்து பொட்ட அதுக்கு வையி." அவள் சரி என்று தலையாட்டினாள். அந்த ஐப்பசியில் ஊருணி நிறைந்தது. பிறகு நீ மதுரையிலிருந்து புது டயல் வாங்கிப் போட்டாய். பழையதை நான் எடுத்துக்கொண்டேன். இன்னமும் என் கருவிப்பெட்டியில் அடியில் கிடக்கிறது.

இன்றைக்கு வந்த கோளாறு என்ன தெரியுமா? டயல் சுத்தம், மோட்டார் சுத்தம். சீட்டுக்குப் பின்னால் கன்ட்ரோலருக்குப் போகிற ஒயர் ஒன்று பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. வெட்டி ஒட்டினேன், ரேஸ் சீராக நின்றது. ஆத்தா சந்தனக் கிண்ணத்தோடு கீழேயே நின்றாள்.

"என்னப்பா ஆச்சு?"

"உப்புக்காத்துல ஒயர் அரிச்சுப்போச்சு ஆத்தா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "இது நெச ஒயரா, இல்ல என் மகன் சொன்ன ஒயரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உதிர்ந்த ஒயர்த் துண்டை அவள் கையில் கொடுத்தேன். அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு நீ சிரிச்சே. அவன் ஒன் வாயப் பொத்துனான். நான் வண்டிப் படிக்குக் கீழதானப்பா நின்னேன். அம்புட்டும் காதுல விழுந்துச்சு. எனக்கு மனசு நோகக்கூடாதுன்னு புள்ள ஊருக்கே பொய் சொல்றான். தெரியும்னு சொன்னா அவன் மனசு நோகும்ல? அதான் பக்கெட்டுக்கே வச்சுட்டு வந்தேன். இன்னைக்கும் ஈரம் உள்ள போகாத எடமாப் பாத்துத்தான் வச்சேன், பயப்படாத."

நீ அவளுக்காக மறைத்தாய், அவள் உனக்காக மறைத்தாள். நடுவில் நான் ஒருத்தன் சத்தியத்தைக் கட்டிக்கொண்டு மாரடித்திருக்கிறேன். நீ இருந்தால் இந்நேரம் ஓடி வந்து சொல்லி, உன் முகம் போகிற போக்கைப் பார்த்திருப்பேன். அதற்கு வழியில்லாமல்தான் எழுதுகிறேன். அன்றைக்கு ஆத்தா சோறு தின்றாளாம், மாப்ளே. நீ பார்க்கவேண்டும் என்று உன் எதிரிலேயே உட்கார்ந்து, இரண்டாம் தடவையும் போட்டுத் தின்றாளாம்.

மீட்டரில் இருக்கிற பொட்டு இப்போது காய்ந்துவிட்டது. நான் துடைக்கவில்லை.