பொதுவா, தனியா

மார்ச் 4, செவ்வாய்

சகலையின் கடை வாசலில் இருக்கும் ரயில்வே கேட்டுக்குப் புது விளக்கு வைத்திருக்கிறார்கள். மணி அடிக்கிறது, தடுப்புக் கம்பம் தானாக இறங்குகிறது. காத்து நிற்கிறவர்கள் சும்மா நிற்பதில்லை, அவன் ஷோரூம் கண்ணாடிக்குள் சோபாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ரயில்வே செலவில் விளம்பரம்.

பஸ்ஸில் ஒரு பெண் கண்டக்டரிடம், "ஷோரூம் கேட் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டாள். அடுத்த சீட்டில் நான்.

நானும் தண்டவாளத்தை ஒட்டித்தான் கடை வைத்திருக்கிறேன். சிமெண்ட், கம்பி, பெயிண்ட், கட்டடத்துக்கு வேண்டிய எல்லாம். என் கடைப் பக்கத்திலும் ஒரு கிராசிங் இருக்கிறது. கேட் கிடையாது, ஆள் கிடையாது, சாய்ந்துபோன ஒரு எச்சரிக்கைப் பலகை மட்டும். அதற்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் 'அந்தச் சின்ன வழி'.

மார்ச் 6, வியாழன்

"அக்கா வீட்டுக்காரர் கேட்டப் பாத்தீங்களா? ஏர்போர்ட் மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி.

"அது அவர் கேட் இல்ல. ரயில்வே கேட்."

"அவர் கடை முன்னாடிதான இருக்கு."

சோறு இறங்கவில்லை. அவனுக்குக் கடை அப்பா கொடுத்தது. நான் நடைபாதையில் சாக்கை விரித்து ஆணி விற்று மேலே வந்தவன். இதை வேறு யாரும் சொல்வதில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் 19, புதன்

ரயில்வேயிலிருந்து ஒரு மேடம் வந்தார். ஒவ்வொரு கிராசிங்குக்கும் ஒரு பதிவு இருக்கிறதாம். என்ன அகலம், தரை எப்படி, ரயில் எவ்வளவு தூரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது, யார் கடக்கிறார்கள் என்று அத்தனையும் அதில் இருக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை நேரில் பார்த்துத் திருத்துவார்களாம். ஓரமாக அடுக்கியிருந்த செங்கல் பார்வையை மறைக்கிறது என்றார். உடனே நகர்த்தச் சொன்னேன். நாற்காலி போட்டேன், டீ வரவழைத்தேன். ஷோரூம் கேட்டில் இந்தக் கவனிப்பு கிடைத்திருக்குமா?

"இந்த வழிய யாரு யூஸ் பண்றாங்க?"

"எல்லாம் நம்ம கடைக்கு வர்றவங்கதான் மேடம்."

"எல்லாருமா?"

"ஒருத்தர் விடாம. கடை இல்லன்னா இந்தப் பக்கம் காக்கா கூட வராது."

எழுதிக்கொண்டார். "அப்ப இத பொதுன்னு போடவா, தனின்னு போடவா?"

"ஷோரூம் கேட்டுக்கு என்ன போட்டிருக்கீங்க?"

"அது பொது."

"அப்ப நமக்குத் தனின்னே போடுங்க."

பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா? கையெழுத்துப் போடணும்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தனி வீடு, தனி அறை, தனி மரியாதை. தனி என்றால் ஒரு படி மேல்தானே. நீட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 20, வியாழன்

நல்ல தூக்கம். அவனுடையது பொது. கழிப்பறை மாதிரி.

மார்ச் 23, ஞாயிறு

மாமனாரைப் பார்க்கப் போனோம். அவர் வீடு என் கடைக்குப் பின்தெருவில்தான். ஒரு பக்கக் கை, கால் விழுந்ததிலிருந்து நாற்காலியே கதி. அங்கே சகலை அவர் காலைப் பிடித்து மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். மாமனார் வாயில் எப்போதும் மூத்த மருமகன்தான். நான் வாங்கிப் போன பழத்தை மேசையில் வைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

விடவில்லை, சொல்லிவிட்டேன். "நம்ம கிராசிங்கத் தனின்னு பதிவு பண்ணியாச்சு சகல. உங்களோடது பொதுவாம்."

"அப்படியா? நல்லது சகல. நீங்க எதுலயும் ஸ்பெஷல்தான்" என்றான், காலை விடாமல்.

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நடிக்கிறானா? பொறாமைப்படத் தெரியாதவனை ஜெயித்து என்ன லாபம்?

ஏப்ரல் 11, வெள்ளி

எனக்கும் கேட் வந்துவிட்டது!

காலையில் ரயில்வே ஆட்கள் இரண்டு பக்கமும் இரும்புக் கேட் நட்டுப் பூட்டினார்கள். சாவியை என் கையில் கொடுத்தார்கள். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு மேஸ்திரி விளக்கினார்.

"இது தனியார் வழி சார். நீங்க மட்டும்தான் போகலாம். ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணணும். அவங்க சரின்னா திறக்கணும், போனதும் பூட்டணும், மறுபடி போன் பண்ணிச் சொல்லணும். வேற ஆள விட்டீங்க, பொறுப்பு உங்க தலையில."

"கடைக்கு வர்றவங்க?"

"அதுக்கென்ன, ஷோரூம் கேட் வழியா சுத்தி வரட்டும்."

தனி. தனி. என் வாய்க்கு ஒரு பூட்டு போட ஆளில்லாமல் போயிற்றே.

ஏப்ரல் 16, புதன்

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் புது வீடுகள் எழும்புகின்றன. என் வியாபாரம் அத்தனையும் அங்கேதான். இன்று ஒரு கொத்தனார் கேட்டுக்கு வெளியே நின்று கத்தினார்:

"வழியப் பூட்டி வீட்டுக்கா எடுத்துட்டுப் போகப் போறீங்க?"

பக்கத்தில் இருந்தவன், "விடுண்ணே, அவரு இப்ப தனியார்" என்றான். சாயங்காலத்துக்குள் அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. டீக்கடையில், "தனியாருக்கு ஒரு டீ."

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. என்னிடம் சிமெண்ட் வாங்கக் கிளம்பிய ஒருவன் சுற்றிவரும் வழியில் சகலையிடம் கட்டில் வாங்கிக்கொண்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டானாம். என் வாடிக்கையாளர்களை என் செலவில் அவன் வாசலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

கடையில் ஈ ஓட்டினேன். இப்படியே போனால் மழைக்காலத்துக்குள் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஏப்ரல் 24, வியாழன்

ரயில்வே ஆபீசுக்குப் போனேன். மேடம் கோபப்படவில்லை. "நீங்க சொன்னததான் எழுதினேன்" என்று என் கையெழுத்தைத் திருப்பிக் காட்டினார். எவ்வளவு நீளம் அந்தக் கையெழுத்து!

"மாத்த முடியாதா மேடம்?"

"முடியும். அது பொதுவழிதான்னு தெரியணும். பல வருஷமா அந்த வழியா வேற வேலைக்குப் போய் வர்ற ஒருத்தர் எழுதிக் கொடுக்கணும். உங்க கடையோட கொடுக்கல் வாங்கல் இருக்கவே கூடாது."

"சொந்தக்காரங்கன்னா?"

"சொந்தம்னா பரவாயில்ல. வாடிக்கையாளரா இருந்தாத்தான் செல்லாது. ஒருத்தர் விடாமன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே. மேலிடத்து உத்தரவு வர்ற வரைக்கும் எப்ப வேணா விசாரிப்பாங்க, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க."

ஏப்ரல் 27, ஞாயிறு

டாக்டர்? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி என்னிடம் வாங்கினார். தையல்காரர்? கதவுத் தாழ்ப்பாள். டீக்கடைக்காரர்? கூரைத் தகடு. டியூஷன் டீச்சர்? சுண்ணாம்பு வாங்கிப் பாதியைத் திருப்பிக்கூடக் கொடுத்தார். இவ்வளவு நன்றாக வியாபாரம் செய்ததுதான் இப்போது குற்றமாகி நிற்கிறது.

என்னிடம் ஒரு ஆணிகூட வாங்காதவன் ஒருவன்தான் உண்டு. வீடு கட்டியபோது சல்லிக்கல்லிலிருந்து பெயிண்ட் வரைக்கும் வேறு கடையில் எடுத்தான். ஆறு வருடமாக அதை மென்றுகொண்டிருக்கிறேன்.

மாமனாருக்குக் கால் பிடிக்க அவன் தினமும் எந்த வழியாக வந்தான்? அந்தச் சின்ன வழியாகத்தானே. இத்தனை நாள் இது என் கண்ணில் படவே இல்லையே. பூட்டு போட்ட பிறகு சுற்றித்தான் வருகிறான். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவனிடம் போய் நிற்பதா? நானா?

ஏப்ரல் 28, திங்கள்

போனேன். ஷோரூமில் விற்கிற நாற்காலியிலேயே உட்காரவைத்தான்.

"அண்ணே" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை.

"என்ன சகல, அண்ணேன்னு எல்லாம்? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

சொன்னேன். சிரிப்பான் என்று காத்திருந்தேன். "அதுக்கென்ன, எழுதித் தர்றேன்" என்றான். என்னால் அத்தோடு எழுந்து வர முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"வீடு கட்டும்போது ஏன் எங்கிட்ட வாங்கல?"

"வாங்கினா நீங்க காசு வாங்குவீங்களா? வாங்கினாலும் அடக்க விலைக்குத்தான் தருவீங்க. கஷ்டப்பட்டு மேல வந்த மனுஷன் சகல நீங்க. உங்க பொழப்புல நான் கைய வைக்கலாமா?"

தலையை ஆட்டினேன். உண்மை என்ன? அவனுக்கு ஏற்றித்தான் போட்டிருப்பேன். அதை அங்கே சொல்லவில்லை.

மே 15, வியாழன்

மேடம் நேரில் வந்து விசாரித்தார். சகலை ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, எத்தனை வருடமாக, எதற்காக என்று நிதானமாகச் சொன்னான். பின்தெருக்காரர்களும் தலையாட்டினார்கள். உத்தரவு வரும்வரை பகலில் கேட் திறந்திருக்கலாமாம், ரயில்வே ஆள் ஒருவர் நிற்பார். மத்தியானமே ஒரு லோடு கம்பி அந்தப் பக்கம் போயிற்று.

இவள் சொல்கிறாள்: "அக்கா வீட்டுக்காரர் இல்லன்னா என்ன ஆகியிருக்கும்?"

தெரியும். ஆனால் அதை ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்தா பரிமாற வேண்டும்?

ஜூன் 14, சனி

சகலை கடைக்கு வந்தார். படியேறி உள்ளே வந்தது இதுதான் முதல் தடவை.

"மாமா இப்ப எழுந்து நிக்கிறாரு சகல. பாத்ரூம் சுவத்துல மாட்டணும், ஸ்டீல் கைப்பிடி ஒண்ணு கொடுங்க. இனிமே எல்லாம் உங்ககிட்டதான்."

உத்தரவு இன்னும் வரவில்லை.

"ஸ்டாக் இல்லண்ணே" என்றேன். என் தலைக்கு மேலே மூன்று அளவில் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவருக்கே விளங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உத்தரவு வந்ததும் சொல்லி அனுப்புங்க" என்று ஸ்கூட்டரை எடுத்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு சின்ன வழியாகத் திரும்பி வந்தார். அந்தக் கடைக்காரன் பெயர் ஒட்டியிருந்த கைப்பிடியைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டார், நான் துளை போட்டேன். மாமனார் பிடித்து நின்று பார்த்தார்.

மட்டமான சரக்கு. அதைச் சொல்லாமல் வீடு வந்து சேர்வதற்குள் பெரும்பாடு பட்டுவிட்டேன்.