மாடிக்கென்று விட்ட கம்பிகள்

கொழும்பு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாலேஸ்வரிக்கு,

நான் நலம். உமது முழங்கால் நோவு எப்படி? எண்ணெய் பூசுகிறீரா?

நாட்டின் கட்டடத் தொழில் இனி எவ்வளவு வளரும் என்று நான் வேலை செய்யும் கந்தோரில் என்னைக் கொண்டு ஓர் அறிக்கை எழுதுவித்தார்கள். மூன்று முறை சரிபார்த்தேன். வளரும் என்றுதான் வந்தது. அந்தத் துணிவில், இனி நம் வீட்டுக்கு மாடி கட்டலாம் என்று சொல்ல, கனடாவுக்கு நம் மகள் உதயகலாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் சிரித்தாள்.

"அப்பா, நான் திரும்பி வருவன் எண்டும் உங்கடை அறிக்கையிலை கிடக்கோ? நாங்கள் இஞ்சை வீடு வாங்கிப்போட்டம். ஆருக்கு அந்த மாடி?"

"ஓம் பிள்ளை" என்றேன். சீமெந்து விலை குறையட்டும் என்று பதினொரு ஆண்டுகள் மாடிக்காக அவளைக் காக்க வைத்தவன் நான்தானே. இதை உமக்குத் தொலைபேசியில் சொல்லத் தைரியம் வரவில்லை. நீர் யோசிக்க வேண்டாம். அவள் சுகமாக இருக்கிறாள்.

ஊரிலிருந்து யாராவது இங்கு வந்தால், தின்னக் கொஞ்சம் பனம்பழப் பனாட்டுக் கொடுத்துவிடும். இதைக் கொண்டுவருபவர் பஸ்ஸுக்கு அவசரப்படுகிறார்.

இன்னொன்று. மாடிக்கென்று மேலே நீட்டி விட்ட இரும்புக் கம்பிகளுக்குக் கறள் பிடிக்காமல் ஆண்டுதோறும் சீமெந்துப் பால் பூசுவீரே, இம்முறை ஏற வேண்டாம். உமது முழங்காலுக்காகத்தான் சொல்கிறேன்.

உமது,
தியாகராசா